புயல் கடலோர நிலத்தடி நீரை என்ன செய்தது? மின் அளவீட்டுக்கான நான்கு வழிகளில் எது தோது

உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, பெரியதாழை, மணப்பாடு என்று நம் தென்கோடித் தமிழகக் கடற்கரை நெடுக ஒரு விஷயம் பொது. கடல் கூப்பிடு தூரத்தில் கிடக்க, ஊர்க் கிணற்றில் குடிக்கத் தகுந்த தண்ணீர் ஊறுகிறது. மழையில் இறங்கிய நல்ல தண்ணீர், கனமான உப்புத் தண்ணீரின் மேல் மணலுக்குள் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் அது அரை மீட்டர் நின்றால், கீழே ஏறத்தாழ 20 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். கணக்கு 1-க்கு 40. மேலே ஒரு சாண் இறங்கினால் கீழே எட்டு ஒன்பது மீட்டர் உப்பு ஏறுகிறது என்றே பொருள்.

இந்த நீரைப் புயல்காலத்தில் கண்காணிக்க வேண்டும் என்று ஊராட்சிகளும் கல்லூரிகளும் தோட்டக்காரர்களும் முடிவெடுத்த பிறகு முட்டிக்கொண்டு நிற்பது ஒரே இடத்தில்தான். கிணற்றில் மீட்டர் போடுவதா, நீரோட்டம் பார்ப்பவரைக் கூப்பிடுவதா, எலக்ட்ரோடுகளை, அதாவது மண்ணுக்குள் மின்சாரம் விட்டு அளக்கும் கம்பிகளை, நிரந்தரமாகப் புதைப்பதா, துளை போட்டு இறக்குவதா? நான்கையும் ஒரே அளவுகோல்களால் அளந்து பார்ப்போம்.

## இந்தக் கரையில் புயல் என்றால் மூன்று வேறு விஷயங்கள்

முதலாவது, 2017 ஒக்கி போன்ற புயலில் கடல் கரையேறுவது. இரண்டாவது கள்ளக்கடல். தென்கோடிப் பெருங்கடலில் எங்கோ கிளம்பும் நீண்ட அலை, உள்ளூரில் காற்றே இல்லாத நாளில் கரையைத் தாண்டி வரும். ஏப்ரல், மே மாதங்களில் கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடிக் கடற்கரைகளுக்குக் கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸ் விடும் எச்சரிக்கைகள் பெரும்பாலும் இதற்காகத்தான். மூன்றாவது, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது போன்ற பெருமழை. அதைக் கொண்டுவந்தது புயல்கூட இல்லை, குமரிக்கடல் மேல் நின்ற ஒரு வளிமண்டலச் சுழற்சி.

முதல் இரண்டும் மேலிருந்து உப்பை இறக்கும். மூன்றாவது நல்ல தண்ணீரை இறக்கும். நீங்கள் வாங்கும் கருவிக்கு இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும்.

உப்பின் அளவையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாம். மணல்மேடுகளுக்கு நடுவே பள்ளத்தில் 10 செ.மீ. கடல்நீர் தேங்கி இறங்கினால், சதுர மீட்டருக்கு 100 லிட்டர், அதில் சுமார் மூன்றரை கிலோ உப்பு. கீழே 5 மீட்டர் தடிமனுக்கு நன்னீர் இருந்தால், மணலின் இடைவெளி 30 சதவீதம் என்ற கணக்கில் அது 1,500 லிட்டர். இரண்டும் முழுக்கக் கலந்தால், நன்னீரில் முன்பே இருந்த உப்பையும் சேர்த்து, லிட்டருக்கு சுமார் 2,600 மில்லிகிராம் உப்பு. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம், வேறு வழியில்லாதபோது அனுமதிக்கும் உச்சம் 2,000. பத்தே செ.மீ. தேங்கல் ஐந்து மீட்டர் நன்னீரைக் கெடுக்கப் போதும்.

## மின்சாரம் எதைப் பார்க்கிறது

மணலில் ஓடும் மின்சாரம் பெரும்பாலும் அதன் இடுக்குகளில் உள்ள தண்ணீர் வழியாகவே ஓடுகிறது. தண்ணீரில் உப்பு கூடினால் மின்சாரம் எளிதாக ஓடும்: கடத்துதிறன் ஏறும், மின்தடை எண் இறங்கும். சுத்தமான மணலின் மின்தடை எண், அதில் நிற்கும் தண்ணீரின் மின்தடை எண்ணைப்போல் நான்கைந்து மடங்கு இருக்கும். கடல்நீர் 0.2 ஓம்-மீட்டர், ஆகவே கடல்நீர் நிறைந்த மணல் 1 ஓம்-மீட்டர் அளவில் நிற்கும். கடத்துதிறன் 800 மைக்ரோசீமன்ஸ் உள்ள கிணற்றுத் தண்ணீர் 12.5 ஓம்-மீட்டர், அது நிறைந்த மணல் 55 பக்கம். மேலே சொன்ன தேங்கலுக்குப் பிறகு அதே மணல் 11-க்கு இறங்கும். ஐந்து மடங்கு இறக்கம் எந்தக் கருவிக்கும் தப்பாது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. காய்ந்த தேரி மணல் (செம்மணல்மேட்டு மணல்) ஆயிரக்கணக்கான ஓம்-மீட்டர் காட்டும். நல்ல மழை பெய்து நனைந்தாலே அது சில நூறுக்கு இறங்கிவிடும். படத்தில் அது உப்பு ஏறியதைப்போலவே தெரியும். நீர்மட்டத்துக்குக் கீழே கதை தலைகீழ். மழைநீர் வந்து சேர்ந்தால் எண் ஏறும், உப்பு வந்தால் இறங்கும். ஆகவே நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் எடுத்த எந்த மின் அளவீட்டையும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. களிமண்ணும் குழப்பும். முக்காணி, புன்னைக்காயல் பக்கம் தாமிரபரணி முகத்துவாரத்துக் களிமண் நல்ல தண்ணீரோடு இருக்கும்போதே பத்து ஓம்-மீட்டருக்குள் நிற்கலாம். ஒரே முறை அளந்தால் அது களிமண்ணா உப்பா என்று சொல்ல வழியில்லை. திரும்பத் திரும்ப அளந்தால் களிமண் மாறாது, உப்பு மாறும். கண்காணிப்புக்கு வலு கொடுப்பது இதுதான்.

## எதை வைத்து அளப்பது

ஒன்று, புயலுக்கு முந்தைய நிலை பதிவாகுமா? முந்தைய நிலை இல்லாத பிந்தைய அளவீட்டில் மாற்றம் எதையும் படிக்க முடியாது. இரண்டு, மின்சாரமும் ரோடும் துண்டிக்கப்பட்ட அந்த இரண்டு மூன்று நாள் அது தானாக ஓடுமா? மூன்று, எவ்வளவு ஆழம், எவ்வளவு நுணுக்கம்? நான்கு, எண்களைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டுமா, அந்த ஆள் பக்கத்தில் இருக்கிறாரா? ஐந்து, மூன்றாம் வருடம் அது உயிரோடு இருக்குமா? கடைசிக் கேள்வியில்தான் பாதிக்கு மேற்பட்ட திட்டங்கள் விழுகின்றன. அதனால் விலைப்பட்டியலைவிடப் பராமரிப்புக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

## வழி 1: கிணற்றில் கடத்துதிறன் அளவீடு

கையில் பிடிக்கும் இ.சி. (கடத்துதிறன்) மீட்டர் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும். கிணற்றில் தொங்கவிடும் லாகர் என்ற தானியங்கிப் பதிவுக் கருவி, நீர்மட்டம், கடத்துதிறன், வெப்பநிலை மூன்றையும் மணிக்கொருமுறை பதியும். விலை பல மடங்கு. தண்ணீரையே நேரடியாக அளப்பதால் விளக்கம் சொல்ல நிபுணர் வேண்டாம். அரசின் கண்காணிப்புக் கிணறுகளும் இருக்கின்றன, ஆனால் மத்திய நிலத்தடி நீர் வாரியம் நீர்மட்டத்தைப் பொதுவாக ஆண்டுக்கு 4 முறைதான் அளக்கிறது. இரண்டு அளவீட்டுக்கு நடுவில் ஒரு புயல் வந்து போய்விடும்.

கூடுதல் செலவும் கோளாறும்:

- கிணற்றுக்குள் தண்ணீர் அடுக்கடுக்காக நிற்கும். மேலே 900, அடியில் 6,000 மைக்ரோசீமன்ஸ் என்று இருக்கும்போது வாளியில் அள்ளி அளந்தால் 900-தான் வரும். மேல், நடு, அடி என்று மூன்று ஆழத்தில் அளக்க வேண்டும், அதுவும் மோட்டார் ஓடுவதற்கு முன்.
- கைப்பிடிச் சுவர் தாழ்ந்த கிணற்றில் வெள்ளம் நேரடியாக விழும். அப்போது மீட்டர் காட்டுவது கிணற்றுக்குள் விழுந்த தண்ணீரை, மண்ணுக்குள் இருப்பதை அல்ல.
- காற்றழுத்தத்தை ஈடுசெய்யாத லாகர் புயலில் ஏமாற்றும். காற்றழுத்தம் 10 மில்லிபார் இறங்கினால், நீர்மட்டம் 10 செ.மீ. இறங்கியதாகப் பதியும். அரை மீட்டரை நம்பி வாழும் ஊரில் அது சின்னப் பிழை இல்லை. ஊருக்கு ஒரு காற்றழுத்த லாகரும் சேர்த்து வாங்குங்கள்.
- விலை மலிந்த டி.டி.எஸ். (கரைந்த உப்பளவு) பேனாக்கள் பத்தாயிரம் பி.பி.எம். அருகே நின்றுவிடும். 1,413, 12,880 மைக்ரோசீமன்ஸ் தரக் கரைசல்கள் இரண்டையும் வைத்து மாதம் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

இது ஏற்றது: குடிநீர்க் கிணறு இரண்டு மூன்றை மட்டும் காக்க வேண்டிய சிற்றூருக்கு. திசையன்விளைப் பக்கமும் இதுவே முதல் தேர்வு. 2021-இல் வெள்ளத்தை நாட்கணக்கில் உள்வாங்கிய ஆயன்குளம் கிணறு, அங்கே சுண்ணாம்புப் பாறைக்குள் ஓடும் பொந்துகளை ஊருக்கே காட்டியது. பொந்து வழியே போகும் தண்ணீரை மண்ணின் சராசரி மின்தடை காட்டிக்கொடுக்காது. கிணற்று லாகர் காட்டும்.

## வழி 2: வாடகைக்கு வந்து நீரோட்டம் பார்ப்பது

போர் போடுமுன் ஜியாலஜிஸ்ட் நான்கு கம்பி அடித்து மின்தடை பார்ப்பது எல்லோருக்கும் பழக்கம். வெளியே இரண்டு கம்பியில் மின்சாரம் செலுத்தி, உள்ளே இரண்டில் அழுத்தத்தை அளந்து, கம்பிகளை அகட்டிக்கொண்டே போவார்கள். அகல அகல ஆழம் கூடும். நாள் வாடகையில் முடியும் வேலை.

போர் போட இது சரி. புயல் கண்காணிப்புக்கு, புயல் முடிந்த பிறகு ஒருமுறை கூப்பிட்டுப் பார்ப்பது இந்த நான்கில் மிக வீணான செலவு. முந்தைய நிலை கிடையாது, களிமண்ணும் உப்பும் பிரியாது, ஒரே அளவீட்டுக்குப் பல அடுக்கமைப்புகள் பொருந்தும். "12 மீட்டரில் உப்புநீர்" என்று அறிக்கை வரும், அந்த உப்பு போன வருடமும் அங்கேதான் இருந்ததா என்பதற்கு அதில் பதில் இருக்காது.

இதையே ஒழுங்காகச் செய்யவும் முடியும். கம்பி அடிக்கும் இடங்களில் சிமெண்டுக் குத்துக்கற்கள் நட்டு, ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே இடைவெளி. கோட்டைக் கரைக்கு இணையாகப் போட வேண்டும், குறுக்காகப் போட்டால் ஒரு முனை உப்பிலும் மறுமுனை நன்னீரிலும் கிடந்து கணக்கே தவறும். நம் கரையில் ஏற்றவற்று ஏறத்தாழ 1 மீட்டருக்குள்தான், ஆனாலும் கரைக்கு 50 மீட்டருக்குள் அளப்பதானால் ஒவ்வொரு முறையும் கடல் ஒரே அளவு வற்றிய நேரத்தில் அளப்பது நல்லது. கம்பிக்கடியில் உப்புத் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை விட்டு, நல்ல தண்ணீரில் குழைத்த பென்டோனைட் (தண்ணீரில் ஊதும் களிமண்) சேற்றைப் போடச் சொல்லுங்கள். நாம் தேடுவதே உப்பை.

இது ஏற்றது: பத்து ஊர்களில் எங்கே நன்னீர் தடிமனாக, எங்கே மெலிந்து இருக்கிறது என்று ஒரு வரைபடம் போட. மற்ற மூன்று வழிகளில் எதை எங்கே வைப்பது என்று முடிவுசெய்ய.

## வழி 3: புதைத்து வைத்த எலக்ட்ரோடு வரிசை

மணல்மேட்டுக்குப் பின்னாலிருந்து ஊர்க் கிணறு வரை, கரைக்குச் செங்குத்தாக 48 எலக்ட்ரோடு, 2 மீட்டர் இடைவெளி, மொத்தம் 94 மீட்டர். பார்க்கும் ஆழம் நீளத்தில் ஐந்தில் அல்லது ஆறில் ஒரு பங்கு, அதாவது 16 முதல் 19 மீட்டர். கருவி தானாக நான்கு நான்காக எலக்ட்ரோடுகளை மாற்றி அளந்து, நிலத்தின் குறுக்குவெட்டுப் படத்தைத் தரும், அதனால் வழி 2 போலன்றி இதில் கோடு கரைக்குக் குறுக்காகப் போகலாம். கடல்நீர் எந்தப் பள்ளத்தில் இறங்கியது, விரல் விரலாக எப்படிக் கீழே போகிறது, நன்னீர் எத்தனை மாதத்தில் அதைத் தள்ளுகிறது என்று முழுக் காட்சியும் இதில்தான் கிடைக்கும். அறிவியலுக்கு இதற்கு நிகர் இல்லை.

கெட்டுப்போவது இப்படி:

இணைப்பு. 316 ரகத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, 10 முதல் 12 மி.மீ. தடிமன், ஒரு முழத்துக்குக் குறையாமல். கம்பி பல வருடம் கிடக்கும். எஃகும் செம்பு ஒயரும் சேரும் இடத்தில் உப்பு ஈரம் ஏறினால் ஒரே மழைக்காலத்தில் அரித்துவிடும். இறுக்கிக் கட்டிய பிறகு எபாக்ஸியில் முழுக்காட்டி, மேலே பசை உள்ள சுருங்கு குழாய் போட வேண்டும். முதலைக் கவ்விகள் நிரந்தர வேலைக்கு ஆகாது.

தொடர்பு. காய்ந்த மணலில் எலக்ட்ரோடுக்கும் மண்ணுக்கும் நடுவே பல்லாயிரம் ஓம் தடை வரும், மின்சாரம் போகாது. அரை மீட்டருக்குக் குறையாமல் புதைத்து, சுற்றிலும் பென்டோனைட்.

மணல் நகர்தல். புயலில் மணல்மேடு அரை மீட்டர் அரிந்தாலோ ஏறினாலோ எலக்ட்ரோடின் ஆழம் மாறும், படமும் மாறும். தண்ணீர் வடிந்ததும் கோடு முழுக்க லெவல் (தரையின் உயரம்) எடுக்காவிட்டால், மணல் போனதை உப்பு வந்ததாகப் படிப்பீர்கள்.

நேரம். ஆயிரம் அளவீடு கொண்ட ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மின்சாரம் செலுத்தும் ஜோடியையும் அளக்கும் ஜோடியையும் இடம் மாற்றி மறுபடி அளந்து பிழை பார்ப்பது கட்டாயம். இரண்டும் 5 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் அந்த அளவீட்டைத் தள்ளிவிட வேண்டும். அதற்கும் அதே நேரம். கடல் ஏறிக்கொண்டிருக்கும்போது அவ்வளவு நேரம் கிடைக்காது, முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் நிலமே மாறியிருக்கும். புயல் நாளுக்கென்று இருநூறு முந்நூறு அளவீட்டில் முடியும் சின்னப் பட்டியல் ஒன்றை முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

இடி, எலி, திருட்டு. ஐப்பசி, கார்த்திகை இடியில் 94 மீட்டர் கேபிள் மின்னலை வாங்கிக் கருவிக்குள் கொண்டுவரும். இடித்தடுப்பான் வேண்டும். கேபிளை எலி கடிக்கும், செம்புக்காகத் தோண்டுவார்கள், ஆகவே எச்.டி.பி.இ. குழாய்க்குள் போடுவது நல்லது. அளக்கும்போது 400 வோல்ட் வரை போகும், ஆடு மாடு மேயும் இடத்தில் வேலியும் அறிவிப்புப் பலகையும் இல்லாமல் ஓடவே கூடாது.

இடத்தேர்வு. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் இரும்புக் குழாயும், இராதாபுரம், கூடங்குளம் பக்கக் காற்றாலைகளின் எர்த்தும் மின்சாரத்தைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளும். கருமணல் தடிமனாகக் கிடக்கும் கடற்கரை முகப்பையும் தவிர்க்கலாம். அதில் உள்ள இல்மனைட் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்து அளவீட்டைக் கலைக்கும்.

மென்பொருளுக்குப் பணம் தர வேண்டியதில்லை, பைகிம்லி போன்றவை இலவசம். ஓம்பை என்ற திறந்த வடிவமைப்பில் கருவியைக்கூடக் குறைந்த செலவில் கட்டலாம். இலவசமாகக் கிடைக்காதது ஆள். வாரம் ஒருமுறை எண்களைத் திறந்து பார்த்து, செத்த எலக்ட்ரோடைக் கண்டுபிடித்து மாற்ற ஒருவர் மூன்று வருடத்துக்கு வேண்டும். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி மாதிரி ஒரு நிறுவனம் பின்னால் நின்றால் இறங்குங்கள். இல்லாவிட்டால் வேண்டாம்.

## வழி 4: துளைக்குள் இறக்கிய செங்குத்துச் சரம்

பலருக்கும் தெரியாத வழி, இந்தக் கரைக்கு மிகப் பொருந்துவது. ஆறு அங்குலத் துளையைக் கை போர் போட்டு 13 மீட்டருக்கு இறக்கி, இரண்டு அங்குல பி.வி.சி. குழாயின் வெளிப்பக்கம் அரை மீட்டருக்கு ஒரு எஃகு வளையம் வீதம் 24 வளையம் கட்டி இறக்குவது. பக்கம் பக்கமாக நான்கு வளையங்களை எடுத்து அளந்தால், நன்னீரும் உப்புநீரும் சந்திக்கும் மட்டம் அரை மீட்டர் நுணுக்கத்தில் தெரியும். தரைமேல் கோடு இவ்வளவு துல்லியத்தை ஆழத்தில் தராது. வளையங்கள் பெரும்பாலும் நீர்மட்டத்துக்குக் கீழே கிடப்பதால் காய்ந்த மணல் தொல்லை இல்லை. ஒரு சுற்று சில நிமிடத்தில் முடியும். 12 வோல்ட் பேட்டரியும் சின்ன சோலார் தகடும் போதும்.

இறக்கும்போது கவனிக்க வேண்டியவை. குழாயின் அடி அரை மீட்டருக்கு மட்டும் சல்லடைத் துளை போடுங்கள், தண்ணீர் எடுத்துப் பார்க்கவும் லாகர் தொங்கவிடவும் உதவும். முழு நீளத்துக்கும் துளை போட்டால் அடி உப்பு குழாய் வழியே மேலே ஏறி, நீங்களே கலக்கிவிட்ட மாதிரி ஆகும். சுற்றி நிரப்பத் தோண்டி எடுத்த அதே மணல்தான், சல்லி கூடாது, சிமெண்டும் கூடாது. மேல் ஒரு மீட்டருக்குப் பென்டோனைட் அடைப்பு அவசியம். அது இல்லாவிட்டால் தேங்கிய கடல்நீர் குழாயோரமாகவே வழிந்து இறங்கி, நிலமெல்லாம் உப்பான மாதிரிக் காட்டும். ஒயர் முனைகளை வெள்ள மட்டத்துக்கு மேலே கம்பத்தில் பெட்டிக்குள் வையுங்கள். தோண்டியதால் கலைந்த மண் அடங்க சில மாதம் ஆகும், அதுவரை வரும் எண்களை முந்தைய நிலையாக எடுக்கக் கூடாது.

குறை ஒன்றுதான், ஆனால் பெரிது. ஒரு புள்ளியை மட்டும் பார்க்கும். பத்து மீட்டர் தள்ளி இறங்கும் உப்பு இதற்குத் தெரியாது. இடிந்தகரை, கூடங்குளம் பக்கம்போல் சுக்கான்பாறையும் கடினப் பாறையும் மேலேயே முட்டும் இடத்தில் கை போரும் இறங்காது, ரிக் வர வேண்டும், செலவு ஏறும்.

இது ஏற்றது: கடலுக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் நடுவே ஒரு காவல் வேண்டும் என்றால். தேரி மணல் ஆழமாகக் கிடக்கும் மணப்பாடு, பெரியதாழைப் பக்கம் இதற்கு நல்ல இடம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | கிணற்று மீட்டர், லாகர் | வாடகை ஆய்வு | புதைத்த வரிசை | செங்குத்துச் சரம் |
|---|---|---|---|---|
| முந்தைய நிலை | இன்றே தொடங்கலாம் | குத்துக்கல் நட்டால் மட்டும் | கிடைக்கும் | மண் அடங்கிய பின் |
| புயல் நாளில் தானாக | லாகர் மட்டும் | இல்லை | ஆம், இடித்தடுப்போடு | ஆம் |
| ஆழ நுணுக்கம் | கிணற்று ஆழத்துக்குள் | குறைவு | ஆழம் கூடக் கூடக் குறையும் | அரை மீட்டர் |
| பரப்பு | ஒரு கிணறு | பல ஊர் | 94 மீட்டர் கோடு | ஒரு புள்ளி |
| படித்துச் சொல்ல ஆள் | வேண்டாம் | வேண்டும் | கட்டாயம், தொடர்ந்து | தொடக்கத்தில் மட்டும் |
| முதல் செலவு | குறைவு முதல் நடுத்தரம் | குறைவு | மிக அதிகம் | நடுத்தரம் |
| சீக்கிரம் சாவது | லாகர் பேட்டரி, படியும் பாசி | குத்துக்கல் காணாமல் போவது | இணைப்புகள், கேபிள் | மேல்முனை இணைப்பு |

## எங்கள் தேர்வு

சாதாரணக் கடலோர ஊராட்சிக்கு ஒரு செங்குத்துச் சரம், அதன் குழாய்க்குள்ளேயே ஒரு லாகர், ஊர்க் கிணறுகளில் வாரம் ஒருமுறை கை மீட்டர். மின் அளவீடும் தண்ணீர் அளவீடும் ஒரே துளையில் இருப்பதால் ஒன்று மற்றதைத் திருத்தும். அதில் பாதிப் பணம்தான் இருக்கிறது என்றால் சரத்தை விடுங்கள், கை மீட்டரை விடாதீர்கள். ஒரு நோட்டில் தேதி, ஆழம், எண் என்று மூன்று வருடம் எழுதிய ஊரிடம், கருவி வாங்கிப் பூட்டிவைத்த ஊரிடம் இல்லாத ஒன்று இருக்கும்.

எதை எடுத்தாலும் ஆடி, ஆவணிக்குள் வேலை முடிந்திருக்க வேண்டும், சரமானால் மண் அடங்கும் சில மாதத்தையும் கணக்கிட்டு இன்னும் முன்னால். ஐப்பசியில் மழை பிடிக்குமுன் காய்ந்த நிலையில் சில வாரமாவது பதிவு வேண்டும். கள்ளக்கடலுக்காகப் பங்குனி முதல் வைகாசி வரை மறுபடி நெருக்கமாக அளவெடுங்கள். மண் வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் மின்தடை எண் சுமார் 2 சதவீதம் இறங்கும் என்பதால், கோடை எண்ணையும் மார்கழி எண்ணையும் வெப்பத் திருத்தம் இல்லாமல் ஒப்பிடாதீர்கள்.

கடல் ஏறி வடிந்த பிறகு முதலில் கை போவது மோட்டார் சுவிட்சுக்குத்தான். கிணற்றுக்குள் நேரே விழுந்த கடல்நீரை ஒருமுறை இறைத்துக் கொட்டலாம், அதையும் கடல் பக்கமாக, கிணற்றடியிலேயே ஊறிவிடாதபடி. விடாமல் இறைத்தால் அந்த அரை மீட்டர் குறைந்து, அடியிலிருந்து உப்பு மேலே இழுத்துக்கொண்டு வரும். 2004 சுனாமிக்குப் பின் இலங்கைக் கடற்கரைக் கிணறுகளில் மிகையாக இறைத்தது மீட்சியைத் தாமதப்படுத்தியது. சரத்தின் அடி வளையங்களில் எண் இறங்கத் தொடங்கினால் மோட்டாரை நிறுத்துங்கள். மேல் வளையங்களில் மட்டும் இறங்கி, அடியில் அப்படியே நின்றால், மழை அதைக் கழுவ விட்டு, மேலும் கீழும் எண் பழைய நிலைக்குத் திரும்பும் வரை அந்தக் கிணற்றைக் குடிநீருக்கு எடுக்காமல் வையுங்கள்.